செங்காந்தள் நஞ்சும் குருதித் தட்டணுவும்: ஒரு வரலாற்றுத் தேடல்

நமது சங்க மலருக்கு இந்த ஆண்டும் ஒரு கட்டுரை தர வேணும் என்று செயலாளர் கேட்டபோது, திருச்சாரணத்து மலையைப் பற்றித்தான் மறுபடியும் எழுதப் போகிறேன் என்று நினைத்திருப்பார். சிதறால் குன்றின் சமணச் சிற்பங்களைப் பற்றி மூன்று மலர்களில் எழுதியாயிற்று. வாசகர்களும் எவ்வளவுதான் பொறுப்பார்கள்? இம்முறை எடுத்துக்கொண்டது வேறு வரலாறு. நம் இரத்தத்தில் ஓடும் தட்டணு, அதாவது டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் பிளேட்லெட், எப்படி உண்டாகிறது என்பதை மனிதன் கண்டுபிடித்த கதை. அதற்கும் காரோட்டு வேலிகளில் ஆடி, ஆவணியில் பூக்கிற ஒரு கொடிக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை நான் தெரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல, என் கடையில் செய்த ஒரு தவறில்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். 1981-ல் மாமாவின் நாட்டுமருந்துக் கடையில் ஒத்தாசைக்கு என்று பாறசாலைக்கு வந்தேன். பிற்பாடு காரோட்டில் வீடு கட்டி இங்கேயே நிலைத்துவிட்டேன். கிழங்கு வகைகளைச் சமைக்காத வீடு எங்களுடையது. மண்ணைத் தோண்டினால் எத்தனை உயிர் சாகும் என்பது அம்மாவின் கணக்கு. ஆனால் வியாபாரம் என்று வந்தால் சித்தரத்தையும் விற்றேன், கலப்பைக்கிழங்கும் விற்றேன்.

கலப்பைக்கிழங்கு என்பது செங்காந்தளின் கிழங்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைச் சொல்கிறாரே, அதில் முதல் பூ இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். கொங்குநாட்டில் கண்வலிக்கிழங்கு, இங்கே மலையாளத்தில் மேந்தோன்னி. சித்த மருத்துவர்கள் இந்தக் கிழங்கை நாள்கணக்கில் மோரில் ஊறவைத்துச் சுத்தி செய்தபிறகே தொடுவார்கள். அது எனக்கும் தெரியும்.

1986 ஆவணியில் ஒரு பனையேறி கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, கலப்பைக்கிழங்கு இருக்கா? மூட்டுவலிக்கு ஒருத்தர் சொன்னாரு" என்றார். ஓண நேரம், கடையில் கூட்டம். யார் சொன்னது, எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவர் வேகவைத்துத் தின்றுவிட்டார்.

அன்று இரவே வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் நான் போய்ப் பார்த்தபோது வயிறு அடங்கியிருந்தது. ஆனால் ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஊசி போட்ட இடமெல்லாம் கருநீலமாகப் பரவியிருந்தது. "பிளேட்லெட் வல்லாதெ தாழ்ந்து போயி" என்றார் டாக்டர். "கிழங்கு எலும்புக்குள்ள போய் வேலையைக் கெடுத்திருக்கு" என்று எனக்காகத் தமிழிலும் சொன்னார். கிழங்கு விற்றது யார் என்று அவர் கேட்டதற்கு நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் அந்த மனுஷனுக்குத் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. உயிர் பிழைத்தார், மயிரும் திரும்ப வளர்ந்தது. என் கடையில் அந்தக் கிழங்கு அன்றோடு நின்றது.

வயிற்றில் விழுந்த நஞ்சு வயிற்றைக் கெடுப்பது புரிகிறது. இரத்தம் உறைவதை அது ஏன் கெடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் ஏறக்குறைய நாற்பது வருஷமாகச் சுமந்து திரிகிறேன். திருவனந்தபுரம் பொது நூலகத்தில் பாதி, என் மகள் ஆய்வகப் படிப்புப் படித்தபோது வாங்கிய பாடநூல்களில் பாதி, பிற்காலத்தில் அவளே எடுத்துத் தந்து விளக்கிய கட்டுரைகளில் மீதி என்று படித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தட்டணு. இரத்தத்தில் சிவப்பணுவுக்கும் வெள்ளையணுவுக்கும் நடுவே ஏதோ தூசி போல மிதக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் பார்த்திருந்தார்கள். 1865-ல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷுல்ட்சே அதை விவரித்து எழுதினார். 1874-ல் வில்லியம் ஆஸ்லர் எழுதினார். ஆனால் அது தூசியோ அழுகலோ அல்ல, இரத்தத்தில் தனியாக ஓடும் உறுப்பு, குழாயில் காயம் பட்டால் அங்கே போய் ஒட்டி அடைப்பது அதுவே என்று உயிருள்ள விலங்கின் நுண்ணிய இரத்தக்குழாயிலேயே பார்த்துக் காட்டியவர் இத்தாலியில் டுரின் நகரத்து ஜூலியோ பிஸ்ஸொசெரோ. ஆண்டு 1882. இதில் ஒரு விசித்திரம் பாருங்க. எலும்பு மஜ்ஜையில் கிடக்கும் மிகப் பெரிய அணுக்களையும் இதே பிஸ்ஸொசெரோ முன்பே பார்த்து எழுதியிருக்கிறார். இது அதன் பிள்ளை என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெரிய அணுவுக்கு 1890-ல் அமெரிக்கர் ஹோவெல் வைத்த பெயர் மெகாகாரியோசைட். பெரிய கருவை உடைய அணு என்று பொருள். வாய்க்கு வசதியாகப் பேரணு என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். சிவப்பணுவின் விட்டம் ஏழெட்டு மைக்ரான் என்றால் இது 50 முதல் 100 மைக்ரான் வரை வரும். தட்டணுவோ இரண்டு மூன்று மைக்ரான்தான்.

தாயையும் பிள்ளையையும் சேர்த்துவைத்தவர் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் ஹோமர் ரைட். அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு சாயம். இரத்தப் பரிசோதனைக்கூடங்களில் இன்றைக்கும் ரைட் சாயம் என்ற பெயர் உண்டு. அந்தச் சாயத்தைப் போட்டபோது தட்டணுவுக்குள் செந்நீலப் பொடி தெரிந்தது. அதே பொடி அதே நிறத்தில் மஜ்ஜையின் பேரணுவுக்குள்ளும் தெரிந்தது. போதாததற்குப் பேரணு தன் உடம்பிலிருந்து கை நீட்டி இரத்தக்குழாய்க்குள் விடுவதையும் பார்த்தார். கை துண்டு துண்டாக அறுந்து தட்டணு ஆகிறது என்று 1906-ல் எழுதினார், 1910-ல் விரிவாக எழுதினார். துணி வியாபாரி இரண்டு துண்டின் சாயத்தைப் பார்த்து ஒரே பாவு என்று சொல்வானே, அதே சாமர்த்தியம்.

ஆனால் கை எப்படி நீள்கிறது? உள்ளே என்ன இருந்து தள்ளுகிறது? ரைட் காலத்து நுண்ணோக்கிக்கு அது எட்டவில்லை. அரை நூற்றாண்டு அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. திறவுகோல் வந்தது வேறு பக்கத்திலிருந்து, நம்ம கொடியின் நஞ்சிலிருந்து.

ஐரோப்பாவில் கோல்சிகம் என்று ஒரு செடி உண்டு. கீல்வாதத்துக்குப் பழங்காலம் முதல் கொடுத்துவந்தார்கள். பாரிஸில் பெல்லெத்தியேயும் காவந்துவும் 1820-ல் அதன் சத்தைப் பிரித்தார்கள். பின்னால் அதற்குக் கோல்சிசின் என்று பெயர் வந்தது. அதே கோல்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது என்று 1915-ல் இங்கிலாந்து வேதியியலார் கண்டார்கள். பனையேறிக்கு மூட்டுவலிக்கு இதைச் சொன்ன ஆள் முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் தெரிந்தது. அளவுதான் பொய்.

கோல்சிசின் செல்லுக்குள் என்ன செய்கிறது? 1889-ல் சிசிலியில் பெர்னிச்சே என்பவர், இந்த நஞ்சு கொடுத்த நாயின் குடலில் செல்கள் இரண்டாகப் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றிருப்பதைக் கண்டார். யாரும் சட்டை செய்யவில்லை. 1930-களில் பிரஸ்ஸல்ஸில் டுஸ்டின் அதைத் திரும்ப எடுத்தார். 1937-ல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ இதே நஞ்சால் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கிக் காட்டியதும் உலகமே கவனித்தது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் போக ஒரு நூற்கட்டு உண்டு. நஞ்சு பட்டால் அந்த நூற்கட்டு காணாமல் போகிறது. இவ்வளவு தெரிந்தது. நூல் எதனால் ஆனது என்பது தெரியவில்லை.

1963-ல் செல்லைப் பதப்படுத்த ஒரு புது மருந்து வந்தது, குளூட்டரால்டிஹைடு. அதுவரை பழைய முறையில் குளிரில் பதப்படுத்தியதால் கரைந்தே போயிருந்த ஒரு பொருள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்தது. நீளமான, உள்ளே பொள்ளலான குழல்கள். விட்டம் 25 நானோமீட்டர். ஒரு மைக்ரானை நாற்பது பங்கு போட்டால் ஒரு பங்கு. இவற்றுக்கு மைக்ரோட்யூபுல் என்று பெயர், தமிழில் நுண்குழல். 1967-ல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிர்வீச்சுக் குறியிட்ட கோல்சிசினைச் செல்லுக்குள் விட்டு, அது எதன்மேல் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். ஒட்டிய புரதம் நுண்குழலின் செங்கல். அடுத்த ஆண்டு ஜப்பானியர் ஹிதேயோ மோரி அதற்கு ட்யூபுலின் என்று பெயர் சூட்டினார். கோல்சிசின் இந்தச் செங்கலைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த செங்கல் சுவரில் அடங்காது, சுவர் இடிகிறது. நஞ்சைத் தூண்டிலாகப் போட்டுப் புரதத்தைப் பிடித்த இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி தட்டணுவுக்குத் திரும்புவோம். 1965-ல் கோபன்ஹேகனில் ஓலாவ் பேன்கே, தட்டணுவின் ஓரத்தில் நுண்குழல் கட்டு ஒன்று வளையமாக ஓடுவதைக் கண்டார். வட்டத் தட்டின் விளிம்புக்குக் கம்பி கட்டினது மாதிரி. மின்னசோட்டாவில் ஜேம்ஸ் வைட் 1967-ல் தட்டணுவைக் குளிரவைத்துப் பார்த்தார். வளையம் கலைந்தது, தட்டு உருண்டையாகி முள் முள்ளாய் நீட்டியது. 1968-ல் கோல்சிசின் போட்டுப் பார்த்தார். அப்போதும் வளையம் போயிற்று, தட்டு வடிவம் போயிற்று. ஆக, பிறந்த தட்டணுவின் உருவத்தைத் தாங்குவது நுண்குழல் என்று தெரிந்தது. பிறப்பிலும் அதற்குப் பங்கு உண்டா என்பதில்தான் சண்டை.

ஒரு கட்சி யமாடாவைப் பின்பற்றியது. 1957-ல் அவர் பேரணுவுக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சவ்வுக் கோடுகள் ஓடுவதைக் காட்டியிருந்தார். தபால்தலைத் தாளில் ஓட்டை போட்டுக் கோடு பிரித்திருப்பது போல, தட்டணுக்கள் உள்ளேயே அளவெடுத்துத் தயாராக இருக்கின்றன, கிழித்தால் உதிரும் என்பது இந்தக் கட்சி. மற்றக் கட்சி ரைட்டின் பழைய நீளும் கையை விடவில்லை. பாரிஸில் தியேரியும் பெஸ்ஸியும் 1956-லேயே உயிருள்ள பேரணு நீளநீளமாகக் கை விடுவதைப் பார்த்திருந்தார்கள். 1982-ல் ராட்லி, ஹாலர் இருவரும் அந்தச் சவ்வுக்கோடு எல்லைக்கோடே அல்ல, கை நீளும்போது வேண்டிய சவ்வைச் சேர்த்துவைத்த கிடங்கு என்று வாதாடினார்கள். வியாபாரிக்கு இது உடனே விளங்கும். கொள்முதல் செய்து அடுக்கிவைத்தால்தானே விற்கலாம்!

பிறகு வந்தது 1990. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன் டாப்ளினும் கூட்டாளிகளும் கினிப்பன்றியின் பேரணுவைத் தட்டில் வளர்த்து, நுண்குழலைக் குலைக்கும் மருந்தைச் சேர்த்தார்கள். கை எழவில்லை. நுண்குழல் இல்லையேல் கையில்லை.

முழுப் படமும் கிடைத்தது 1999-ல், பாஸ்டனில். ரைட்டின் அதே ஊர்! ஜோசப் இத்தாலியானோ, ஜான் ஹார்ட்விக், இவர்களோடு நம் நாட்டுப் பெயர் ஒன்று, ரமேஷ் சிவதாசானி. சுண்டெலிப் பேரணு தட்டணு ஆவதை மணிக்கணக்கில் படம் பிடித்தார்கள். பேரணுவின் உடம்பு ஒரு பக்கம் அவிழத் தொடங்கித் தடித்த கைகளாகி, கைகள் மெலிந்து நூலாகி, நூல் வளைந்து கிளைவிட்டு, நுனிகள் பெருகுகின்றன. கடைசியில் கரு மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வொரு நூலின் உள்ளேயும் நுண்குழல் கட்டு ஓடி, நுனியில் வளைந்து திரும்பி, கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சுருக்குப் போடுகிறது. அந்தச் சுருக்குத்தான் பேன்கே கண்ட வளையத்தின் பிறப்பு. தட்டணுவுக்கு வேண்டிய சரக்குப் பொடிகளும் இதே நுண்குழல்மேல் ஊர்ந்து நுனிக்குப் போய்ச் சேர்கின்றன. ஆக, நீட்டுகிற கம்பும் அதுவே, சாமான் போகிற தண்டவாளமும் அதுவே, முடிவில் விளிம்புக் கம்பியும் அதுவே.

2005-ல் இன்னொரு நுணுக்கம் தெரிந்தது. நுண்குழல் நுனியில் வளர்வதை மருந்தால் நிறுத்தினாலும் கை நீண்டுகொண்டே போயிற்று. எப்படி? டைனீன் என்ற மோட்டார்ப் புரதம் ஒரு குழலை இன்னொரு குழலின்மேல் சறுக்கித் தள்ளுகிறது. நம் கடலோரக் கிராமங்களில் ராட்டில் கயிறு பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சவரி நார் ஒரு சாண்தான் இருக்கும். நாரை நார்மேல் ஏற்றி நழுவவிட்டுப் பின்னால் நடக்க நடக்க, கயிறு முற்றம் தாண்டிப் போகும்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்றால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி தட்டணு பிறக்க வேண்டும். ஒன்றின் ஆயுள் எட்டு முதல் பத்து நாள். ஒரு பேரணு ஆயிரக்கணக்கில் ஈனுகிறது. செங்கலே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சோதித்தார்கள். பேரணுவுக்கென்றே உரிய ஒரு வகை ட்யூபுலினை மரபிலிருந்து நீக்கிய சுண்டெலிகளில், 2001-ல், தட்டணு பாதிக்கும் கீழே போயிற்று. இருந்தவையும் தட்டாக இல்லை, உருண்டை. அந்த ட்யூபுலின் மரபணுவில் பிழையுள்ள மனிதர்களும் பின்னர் கண்டறியப்பட்டார்கள். எங்கள் பக்கத்து வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2002-ல் வேறொன்று எழுதினார்கள். அங்கே இரத்தம் கொடுத்த மேற்கு வங்காளத்துக்காரர்கள் பலருக்குத் தட்டணு எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு, இரத்தப்போக்கும் இல்லை. இதற்குக் காரணம் நுண்குழல் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அலறுகிற நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இதெல்லாம் கண்ணாடித் தட்டில் நடந்தது, உடம்புக்குள் இப்படித்தானா என்று கேட்டவர்களும் உண்டு. 2007-ல் உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டு மஜ்ஜையிலேயே பேரணு இரத்தக்குழாய்க்குள் கை விடுவதைக் கண்டார்கள். 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில், சுண்டெலித் தட்டணுவில் ஏறத்தாழப் பாதி நுரையீரலில் பிறக்கிறது என்று வந்தது. பேரணுவுக்குப் பெயர் வைத்த ஹோவெல் 1937-ல் நுரையீரலைச் சொன்னபோது பெரிதாக எடுபடவில்லை! 2020-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு எதிர்க்குரல். உடம்புக்குள் பெரும்பாலான தட்டணு நீண்ட கையில் அல்ல, பேரணுவின் மேற்பரப்பிலேயே மொட்டுவிட்டு உதிர்கிறது என்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

என் பனையேறிக்கு நடந்தது என்ன என்பதை இப்போது ஓரளவு சொல்ல முடியும். கோல்சிசின் மஜ்ஜைக்குள் போய் இரண்டு வேலையைக் கெடுத்திருக்கும். முதலாவது, செல் பிரியும் நூற்கட்டு கலைந்து, புது அணுக்கள் உண்டாவதே நின்றது. பெரிய காரணம் இது. மயிர் உதிர்ந்ததும் இதே காரணத்தால்தான், மயிர்க்காலில் செல் ஓயாமல் பிரிய வேண்டும். 1966-லேயே இலங்கையிலிருந்து குணரத்ன என்ற மருத்துவர், இந்தக் கிழங்கைத் தின்ற பெண்ணுக்கு உடம்பெல்லாம் மயிர் உதிர்ந்ததை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். இரண்டாவது, முன்பே வளர்ந்து தயாராக இருந்த பேரணுவுக்கும் கை நீட்ட நுண்குழல் இல்லை. பழைய தட்டணு நாளுக்கு நாள் தீர, புதுசு வராமல், நான்காம் நாள் ஈறில் இரத்தம். "எலும்புக்குள்ள போய் வேலையைக் கெடுத்திருக்கு" என்று அந்த டாக்டர் சொன்ன ஒரே வாக்கியம் எவ்வளவு சரி!

நித்தியகல்யாணியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய செடி. 1958-ல் கனடாவில் அதிலிருந்து எடுத்த வின்பிளாஸ்டினும் நுண்குழலைக் குலைப்பதே. ஆனால் அதன் தம்பியான வின்கிரிஸ்டினை அளந்து கொடுத்து, தட்டணு குறையும் ஒரு நோயில் எண்ணிக்கையைக் கூட்டவும் 1970-களில் முயன்றிருக்கிறார்கள். அளவு மாறினால் நஞ்சின் குணம் மாறுகிறது. கோல்சிசினையே 2023-ல் அமெரிக்க அரசு மாரடைப்பைக் குறைக்கும் மருந்தாக நாளுக்கு அரை மில்லிகிராம் அளவில் அனுமதித்தது. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கம் பந்தல்கம்பியில் செங்காந்தளைப் படரவிட்டு, காலையில் பெண்கள் கையாலேயே மகரந்தம் சேர்த்து வளர்க்கிறார்கள். அந்த விதை வெளிநாட்டுக்குப் போவது இதற்காகத்தான்.

2017-ல் கேரளத்தில் டெங்கு கொடிகட்டிப் பறந்ததே, நினைவிருக்கும். என் பேத்திக்கும் வந்தது. தட்டணு பதினான்காயிரம் வரை இறங்கி மூக்கில் இரத்தம் வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடம். பப்பாளி இலைச் சாறோடு அண்டைவீட்டார் வரிசையாக வந்தார்கள், மறுக்கவும் முடியவில்லை. இரவு இரத்த வங்கி வாசலில் காத்திருந்தபோது கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன். சிவப்பு இரத்தப் பைகள் குளிர்பெட்டியில் இருக்க, மஞ்சள் நிறத் தட்டணுப் பைகள் மட்டும் வெளியே ஒரு தட்டில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தன. ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாதா என்று கேட்டேன், பதில் தெரிந்தும். "தணுப்பு பட்டா பின்னே கொள்ளூலா சேட்டா" என்றான் அந்தப் பையன்.

குளிர் பட்டால் வளையம் கலையும் என்று வைட் 1967-ல் பார்த்ததைச் சொன்னேனே. குளிர்ந்த தட்டணுவை உடம்பில் ஏற்றினால் வெகுசீக்கிரம் இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது என்று 1969-ல் பிலடெல்பியாவில் மர்ஃபியும் கார்ட்னரும் காட்டினார்கள். வளையம் கலைவது மட்டுமே அதற்குக் காரணமல்ல, மேல்தோலிலும் குளிர் மாற்றம் செய்கிறது. அதனால்தான் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே ஐந்து நாள் வரை வைக்கிறார்கள். நம் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா நிறுவனம் இரத்தப்பைக்குத் தொழில்நுட்பம் உருவாக்கி, இங்கேயே தொழிற்சாலையும் வந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு பை ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து எண்ணிக்கை தானாக ஏறத் தொடங்கிற்று. முப்பதாயிரம், ஐம்பத்தைந்தாயிரம் என்று தாளில் எழுதிவந்த ஒவ்வொரு எண்ணும் மஜ்ஜையில் பேரணுக்கள் மறுபடி வேலையில் இறங்கிவிட்டதைச் சொல்லிற்று. பனையேறி அப்போது உயிரோடு இருந்தார், எழுபது தாண்டியிருந்தது. பேத்தியைப் பார்க்க நேந்திரப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லாததை அன்றுதான் அவரிடம் சொன்னேன். சுத்தி செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், கேட்காமல் கொடுத்தேன் என்றேன். "எனக்கும் அது அண்ணைக்கே தெரியும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.

எங்கள் வேலியில் அந்தக் கொடி இன்னும் இருக்கிறது. வெட்டவில்லை. பேத்தி பூப் பறித்தால் மட்டும் கை கழுவச் சொல்கிறேன்.